மரணத்தைக் கேட்கும் உரிமை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

குணப்படுத்த முடியாத நோயில் இருப்பவர் தெளிந்த மனத்தோடு கேட்டுக்கொண்டால், அவர் தன் உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் உதவுவதைச் சட்டம் அனுமதிக்கலாமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் வாதங்களும் இருந்தன, வீட்டுக் கவலைகளும் இருந்தன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்தும், தனித்து நின்ற கடிதங்களைச் சுருக்கியும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: செயற்கை சுவாசக் கருவியை நிறுத்துவது பல நாடுகளில் சட்டப்படியே நடக்கிறது. அதுவும் மரணத்தில்தான் முடிகிறது. அப்படியிருக்க, மருந்து கொடுத்து முடிப்பதற்கு மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?

முடிவு ஒன்று என்பதால் செயலும் ஒன்றாகிவிடாது என்பதுதான் சட்டம் இதுவரை சொல்லிவரும் பதில். எந்தச் சிகிச்சையையும் வேண்டாம் என்று மறுக்க நோயாளிக்கு உரிமை உண்டு; வேண்டாம் என்றவரின் தொண்டையில் குழாயைச் செருகுவதுதான் தவறே தவிர, அதை எடுப்பது தவறல்ல. எடுத்த பிறகு உயிரைக் கொண்டுபோவது நோய். பல்லாண்டுகள் சுயநினைவின்றிக் கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2011இல் சொன்னதும், ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018இல் உறுதிசெய்ததும் இந்த எல்லை வரையில்தான். உயிர்காக்கும் கருவிகள் எனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018 தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதற்கான சிக்கலான நடைமுறையை 2023இல் ஓரளவு எளிதாக்கினார்கள்.

இப்போது விவாதத்தில் இருப்பவை வேறு இரண்டு. மருத்துவர் மருந்தை எழுதிக்கொடுக்க, நோயாளி தன் கையால் எடுத்து அருந்துவது ஒன்று; அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இது 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவரே ஊசி வழியாகச் செலுத்துவது இன்னொன்று. நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002 முதல் இதை அனுமதிக்கின்றன. கனடாவில் 2016 முதல் இரண்டுக்கும் அனுமதி உண்டென்றாலும், ஏறத்தாழ எல்லோரும் ஊசியையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது பெரியதாகவே தெரிகிறது. ஒரிகனில் மருந்துச் சீட்டு பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அந்த மருந்தைக் கடைசிவரை எடுத்துக்கொள்வதே இல்லை. சிலர் அதற்கு முன்பே நோயால் இறந்துவிடுகிறார்கள். சிலர் அது கைவசம் இருக்கிறது என்ற நிம்மதியோடு மிச்ச நாட்களைக் கழித்துவிடுகிறார்கள். நாள் குறித்து, மருத்துவரும் உறவினர்களும் கூடி நிற்கும் அறையில் 'இன்றைக்கு வேண்டாம்' என்று சொல்வதைவிட, அலமாரியில் இருக்கும் மருந்தை எடுக்காமல் இருப்பது எளிது. இத்தகைய எந்தச் சட்டத்தையும் நான் எடைபோடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்: கேட்டவர் மனம் மாறுவதற்கு அது எவ்வளவு இடம் விட்டுவைத்திருக்கிறது? கை கால் அசைக்க முடியாத, விழுங்க முடியாத நோயாளிகளை இந்த அளவுகோல் வெளியே நிறுத்திவிடுகிறது என்ற மறுப்பு நியாயமானது; அவர்களுக்காக மட்டும் விதிவிலக்கு எழுதலாம் என்பதைத் தவிர என்னிடம் முழுமையான பதில் இல்லை.

கேள்வி: என் உடல், என் வலி, என் முடிவு. இதில் அரசுக்கு என்ன வேலை?

ஆதரவாளர்களின் வாதங்களில் வலுவானது இதுதான். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ஏறத்தாழ உங்கள் சொற்களிலேயே பேசியது: தன் மரணத்தைத் தானே தீர்மானிப்பது மனிதரின் ஆளுமை உரிமையில் அடங்கும், விரும்பி முன்வருபவரின் உதவியை நாடுவதும் அதில் சேரும், அதற்கு நோய்கூடக் காரணமாக இருக்கவேண்டியதில்லை என்றது அந்தத் தீர்ப்பு.

ஆனால் உங்கள் மூன்று சொற்களில் நடுவில் இருப்பதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்த விவாதம் எங்கு நடந்தாலும் தாங்க முடியாத வலியைத்தான் முன்னால் வைக்கிறார்கள். ஒரிகனில் இம்முறையில் இறந்தவர்கள் சொன்ன காரணங்களை மருத்துவர்கள் ஆண்டுதோறும் பதிவுசெய்கிறார்கள். தன் வாழ்க்கை தன் கையில் இல்லாமல் போகிறது என்பதும், மகிழ்ச்சி தந்த காரியங்களை இனிச் செய்ய முடியவில்லை என்பதும் பத்தில் ஒன்பது பேர் சொன்னவை. வலியையோ வலி வந்துவிடுமோ என்ற அச்சத்தையோ சொன்னவர்கள் மூன்றில் ஒருவருக்கும் குறைவு. குடும்பத்துக்குச் சுமையாகிவிட்டேன் என்றவர்கள் அதைவிட அதிகம். ஆக, இது பெரும்பாலும் வலிக்கான மருந்தைப் பற்றிய கேள்வி அல்ல. பிறரைச் சார்ந்து வாழ்வதை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்ற கேள்வி. அதை ஒருவர் தனியாக, யாருடைய முகத்தையும் பார்க்காமல் தீர்மானித்துக்கொள்வதில்லை.

அரசுக்கு என்ன வேலை என்பதற்கு நேரடியான பதிலும் உண்டு. தற்கொலை முயற்சியைத் தண்டிப்பதைப் பெரும்பாலான நாடுகள் கைவிட்டுவிட்டன. அந்த அளவில் அரசு ஏற்கெனவே விலகி நிற்கிறது. இப்போது கேட்கப்படுவது விலகல் அல்ல, பங்கேற்பு. மருத்துவர் கையெழுத்திட வேண்டும், மருந்தகம் மருந்து வழங்க வேண்டும், ஒரு குழு ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும், இறப்புச் சான்றிதழில் ஒன்றை எழுத வேண்டும். இன்னொருவரின் கையையும் அரசின் முத்திரையையும் கேட்கும்போது, எந்த நிபந்தனையில் என்று அவர்கள் திருப்பிக் கேட்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: தசைச் சிதைவு நோயால் பதினாறு வயது முதல் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். உடை மாற்றவும் உதவி வேண்டும். இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் 'பிறர் துணையோடு கழிப்பறைக்குப் போகும் நிலை வந்தால் நான் வாழ விரும்பமாட்டேன்' என்று என் எதிரிலேயே பேசுகிறார்கள். அவர்கள் வர்ணிப்பது என் அன்றாடத்தை. நான் பயப்படுவது தவறா?

தவறே இல்லை. இந்த விவாதத்தில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் குரல் உங்களுடையது. பல நாடுகளில் மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் இந்தச் சட்டங்களை எதிர்த்து முன்னணியில் நிற்பது மதக் காரணங்களுக்காக அல்ல. 'கண்ணியம் இழந்த வாழ்க்கை' என்று மற்றவர்கள் பட்டியலிடும் ஒவ்வொன்றும் தங்கள் காலை நேர வேலைகளின் பட்டியலாக இருப்பதால்தான்.

சட்டத்தின் ஒரு சொல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குக் கனடாவைப் பாருங்கள். அங்கே உச்ச நீதிமன்றம் 2015இல் கார்ட்டர் வழக்கில் தடையை நீக்கியது. 2016இல் வந்த சட்டம், இயற்கை மரணம் எதிர்நோக்கத்தக்க தொலைவில் இருப்பவர்களுக்கு மட்டும் இதை அனுமதித்தது. மரணம் நெருங்காத, ஆனால் கடும் உடற்குறைபாட்டோடு வாழ்ந்த இருவர் தொடுத்த வழக்கில் கியூபெக் நீதிமன்றம் 2019இல் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கியது. 2021இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தியது. இன்று, இறக்கும் தறுவாயில் இல்லாத, ஆனால் கடுமையான நோயோ குறைபாடோ உடைய ஒருவரும் அங்கே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தவர் கேட்பது மரணத்தையா, அல்லது கிடைக்காமல் போன வீட்டு வசதியையும் பராமரிப்பாளரையுமா என்ற சர்ச்சை அதன் பிறகு அங்கே ஓயவில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்: உதவியாளர் கிடைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய இடத்தில் மரணத்துக்கான காத்திருப்பு தொண்ணூறு நாட்கள் என்றால், அங்கே தேர்வு என்ற சொல்லை நான் கூச்சத்தோடுதான் பயன்படுத்துவேன்.

எல்லா நாடுகளும் இப்படிச் செய்யவில்லை. நியூசிலாந்தில் 2020 பொது வாக்கெடுப்புக்குப் பிறகு 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆறு மாதங்களுக்குள் மரணத்தில் முடியக்கூடிய நோய் இருக்க வேண்டும் என்கிறது. முதுமையோ உடற்குறைபாடோ மனநோயோ மட்டும் காரணமாகாது என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. நோயாளி கேட்கும் முன் மருத்துவர் இந்தப் பேச்சைத் தொடங்கவே கூடாது என்றும் தடைசெய்கிறது. இந்தக் கடைசி விதி எனக்குப் பிடித்தமானது. நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்ட உங்களிடம் வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் 'இப்படியும் ஒரு வழி உண்டு' என்று சொல்வது வெறும் தகவல் அல்ல. உங்கள் வாழ்க்கையைப் பற்றி அவர் சொல்லும் கருத்து அது.

கேள்வி: முதலில் புற்றுநோய் என்பார்கள், பிறகு முதுமை, பிறகு தனிமை என்பார்கள். ஒருமுறை கதவைத் திறந்தால் அது விரிந்துகொண்டேதான் போகும் என்பது உண்மைதானே?

பாதி உண்மை. பெல்ஜியம் 2014இல் வயது வரம்பை நீக்கியது. நெதர்லாந்து 2024இல் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த, மீட்சியற்ற நோயுள்ள குழந்தைகளுக்கான விதிமுறைகளை வகுத்தது. கனடாவில் மனநோயை மட்டுமே காரணமாகக் கொண்டு விண்ணப்பிக்க அனுமதிக்கும் விதி சட்டத்திலேயே ஏறிவிட்டது. நடைமுறைக்கு வருவதுதான் 2027 மார்ச் வரை தள்ளிவைக்கப்பட்டது. ஒரிகனிலோ கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் அடிப்படைத் தகுதி மாறவில்லை: வயது வந்தவர், முடிவெடுக்கும் திறனுள்ளவர், ஆறு மாதங்களுக்குள் இறக்கக்கூடியவர், தானே மருந்தை எடுத்துக்கொள்பவர். காத்திருப்புக் காலத்தைத் தளர்த்தினார்கள், அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டுவிட்டார்கள், அதைத் தாண்டவில்லை. அங்கே நிகழும் மொத்த இறப்புகளில் இம்முறையிலானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கனடாவில் 2023இல் அது 4.7 சதவீதம்.

இந்த வித்தியாசம் சட்டம் எதன்மேல் நிற்கிறது என்பதிலிருந்து வருவதாக நான் நினைக்கிறேன். 'தாங்க முடியாத துன்பம்' என்பதை அடித்தளமாக வைத்தால், யாருடைய துன்பம் போதாது என்று சொல்ல நீதிமன்றத்துக்கு வழியே இல்லை. மனநோயாளியின் துன்பம் புற்றுநோயாளியின் துன்பத்துக்குக் குறைந்தது என்று எந்த நீதிபதி எழுதுவார்? 'மரணம் நெருங்கிவிட்டது' என்பதை அடித்தளமாக வைத்தால் எல்லை பெரும்பாலும் நிற்கிறது. ஏனென்றால் அங்கே சட்டம் வாழ்வதா சாவதா என்பதைத் தீர்மானிக்கவில்லை, ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் மரணம் எப்படி அமையலாம் என்பதை மட்டும் தொடுகிறது. மனச்சோர்வில் மரண விருப்பம் நோயின் அறிகுறியாகவே வருவது. சிகிச்சையில் அது விலகக்கூடியது. அங்கே இந்தக் கதவு திறப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: ஆறு மாதம் என்று மருத்துவர்களால் துல்லியமாகச் சொல்ல முடியுமா?

முடியாது. முற்றிய புற்றுநோயில் ஓரளவு நெருங்கிச் சொல்லலாம்; இதயச் செயலிழப்பிலும் நாள்பட்ட நுரையீரல் நோயிலும் கணிப்பு மிகவும் தடுமாறும். அதனால்தான் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும் என்று ஏறத்தாழ எல்லாச் சட்டங்களும் கேட்கின்றன. பிரிட்டனில் 2024 நவம்பரில் 330க்கு 275 என்ற வாக்குகளில் முதற்கட்ட ஒப்புதல் பெற்ற மசோதா, இதற்கு மேல் உயர் நீதிமன்ற நீதிபதியின் அனுமதியும் வேண்டும் என்றது. பிறகு அந்த இடத்தில் சட்ட வல்லுநர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழுவைக் கொண்டுவந்தார்கள். நீதிபதியை எடுத்துவிட்டார்களே என்று எதிர்த்தரப்பு குறைகூறியது. நோயாளி கட்டாயப்படுத்தப்படுகிறாரா என்பதைக் கண்டுபிடிக்க, ஆவணங்களை மட்டும் பார்க்கும் நீதிபதியைவிட வீட்டு நிலவரம் தெரிந்த சமூகப் பணியாளரே பயன்படுவார் என்பது என் எண்ணம்.

கேள்வி: என் தாய்க்கு அல்சைமர் நோய் தொடங்கியிருக்கிறது. 'உங்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் போகும்போது என்னை அனுப்பிவிடுங்கள்' என்று எழுதிக் கையெழுத்திட்டு வைக்கலாமா என்று கேட்கிறார். இப்படி எழுதிவைப்பது எங்காவது செல்லுமா?

நெதர்லாந்தில் செல்லும். செல்லும் என்பது எப்படிப்பட்டது என்பதையும் அங்கே நடந்த வழக்கே காட்டுகிறது. எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி ஒருவர், மறதி நோயின் தொடக்கத்தில், பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கவேண்டிய நிலை வந்தால் தன் உயிரை முடித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஆனால் காலம் கனிந்துவிட்டதென்று தானே நினைக்கும்போது என்ற சொற்களும் அதில் இருந்தன. நோய் முற்றி இல்லத்தில் சேர்க்கப்பட்ட பிறகு அவர் சில சமயம் சாக வேண்டும் என்றார், சில சமயம் இப்போது வேண்டாம் என்றார். 2016இல் மருத்துவர் அவருடைய காபியில் மயக்க மருந்தைக் கலந்துகொடுத்தார். ஊசி போடும் வேளையில் அவர் விழித்து அசைந்து எழ முயன்றபோது குடும்பத்தினர் அவரைப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் மருந்தைச் செலுத்தி முடித்தார். சட்டம் வந்த பிறகு இதற்காக வழக்கைச் சந்தித்த முதல் மருத்துவர் அவர்தான். 2019இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 2020 ஏப்ரலில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றமும், முன்கூட்டி எழுதிய கோரிக்கை முற்றிய மறதி நோயிலும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

மருத்துவர் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்பதையும், எழுதியது அந்தப் பெண்மணியேதான் என்பதையும் ஏற்றுக்கொண்ட பிறகும் அந்த அறையை நினைத்தால் எனக்கு ஒப்பவில்லை. தெளிவோடு எழுதியவர் ஒருவர், காபியைக் குடித்தவர் வேறொருவர் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எழுதியவருக்கு இருந்த ஒரு உரிமை, அதாவது 'இல்லை, வேண்டாம்' என்று கடைசி நொடியில் சொன்னால் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்ற உரிமை, குடித்தவருக்கு இல்லாமல் போனது. உங்கள் தாய்க்கு இன்று தெளிவு இருக்கிறது. குழாய் வழி உணவு, செயற்கை சுவாசம், மீண்டும் மீண்டும் மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவை எப்போது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்பவற்றை இப்போதே எழுதச் சொல்லுங்கள். அது பல நாடுகளில் செல்லும். யாரையும் பிடித்துக்கொள்ளும் நிலைக்கும் கொண்டுபோகாது.

கேள்வி: உயிர் இறைவன் தந்தது, எடுக்க மனிதனுக்கு உரிமை இல்லை என்பதோடு விவாதம் முடிந்துவிடவில்லையா?

உங்களுக்கு முடிந்துவிட்டது, உங்கள் மரணத்தைப் பொறுத்தவரை அதில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த நம்பிக்கை இல்லாத பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சேர்த்துத்தான் சட்டம் எழுதப்படுகிறது. நம்பிக்கையுள்ள மருத்துவரையும் செவிலியரையும் இதில் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை ஏறத்தாழ எல்லாச் சட்டங்களும் ஏற்றிருக்கின்றன.

கேள்வி: வலிதணிப்புச் சிகிச்சை ஒழுங்காகக் கிடைத்தால் இந்தச் சட்டமே தேவைப்படாது என்கிறார்களே?

தேவை குறையும், இல்லாமல் போகாது. ஒரிகனில் இம்முறையில் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்தச் சிகிச்சையில் இருந்தவர்கள்தான். எதிர்த்தரப்பு இந்த உண்மையைச் சொல்வதில்லை. ஆதரவுத் தரப்பு சொல்லாமல் விடுவது வேறொன்று: உலகில் வலிதணிப்புச் சிகிச்சை தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கு மட்டுமே அது கிடைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நான் எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதியவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்கு, தன் கையால் முடித்துக்கொள்ள, குறுகிய வரம்புள்ள ஒரு சட்டத்தை நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் மார்ஃபின் மாத்திரையே எட்டாத இடத்தில் அந்தச் சட்டம் முதலில் வந்து சேர்வதை எதிர்ப்பேன். வலியோடு கேட்பவர் வலி நின்ற பிறகு என்ன கேட்பார் என்பது அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

கேள்வி: என் தந்தை நுரையீரல் புற்றுநோயின் இறுதிக் கட்டத்தில் இருக்கிறார். 'போதும், ஏதாவது கொடுத்து முடித்துவிடச் சொல்' என்று தினமும் சொல்கிறார். 'அப்படியெல்லாம் பேசாதீர்கள் அப்பா' என்று பேச்சை மாற்றிவிடுகிறோம். வேறென்ன சொல்வது?

பேச்சை மாற்றாதீர்கள். உங்களுக்குக் கேட்கப் பொறுக்கவில்லை என்று அவர் புரிந்துகொண்டால், அடுத்து வாயை மூடிக்கொள்வார். விருப்பம் அப்படியே இருக்கும். அவர் அருகில் உட்கார்ந்து, 'இதில் எது உங்களால் தாங்க முடியவில்லை அப்பா?' என்று கேளுங்கள். இரவில் மூச்சு முட்டுவதாக இருக்கலாம். மூச்சுத் திணறியே செத்துவிடுவேனோ என்ற பயமாக இருக்கலாம். மலச்சிக்கல், தூக்கமின்மை, மகளைக் கொண்டு உடம்பைத் துடைக்க வைக்கிறோமே என்ற கூச்சம், யாரிடமும் சொல்லாத ஒரு கடன் என்று எதுவாகவும் இருக்கலாம். மூச்சுத்திணறலுக்குச் சிறிய அளவு மார்ஃபின் உதவும். முகத்தை நோக்கிச் சிறு மின்விசிறியை வைப்பதுகூட உதவும். முறையான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைக்காது. அந்தப் பயத்தில் அதை ஒளித்துவைக்கும் குடும்பங்கள் நிறைய. மனச்சோர்வு இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. எதற்கும் அடங்காத துன்பத்தில், இறுதி நாட்களில் உறங்கவைக்கும் மருந்தைக் கொடுப்பதும் முறையான மருத்துவமே. இவ்வளவுக்குப் பிறகும் அவர் அதையே கேட்டால், அதை நோயின் பிதற்றல் என்று தள்ளிவிடாமல், நீங்கள் இருக்கும் இடத்தில் சட்டம் எதை அனுமதிக்கிறது, எதை அனுமதிக்கவில்லை என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.

இந்த வாரமே வலிதணிப்புச் சிகிச்சை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். நள்ளிரவில் மூச்சுத்திணறல் வந்தால் எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது, எத்தனை மணி நேரம் கழித்து மறுபடி கொடுப்பது, அப்போது எந்த எண்ணை அழைப்பது என்பவற்றை அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதி வாங்கியதை உங்கள் தந்தைக்கும் படித்துக் காட்டுங்கள்.